இருபத்திரண்டாம் நிமிடத்தில் நின்ற சிடி

போடிநாயக்கனூரில் கண்ணாடிக்குப் பவர் பார்க்க வருகிறவர்களிடம் சுஃபியா மரியாதையாகத்தான் பேசுவாள். சிடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால்தான் அவளுக்குப் பேச்சு வேறு மாதிரி வரும். உறை கிடையாது, ஒன்றும் கிடையாது. சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் ஒரே பையில் உருண்டு கிடந்த சிடியை எடுத்து மேசைமேல் போட்டுவிட்டு, தாவுது, நிக்குது, என்னன்னு பாருங்க என்பார்கள். அவள் அதை விளிம்பில் பிடித்துத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே வைப்பாள். எதைப் போட்டுத் தேய்த்தீர்கள் என்று கேட்பாள். ஒன்றும் போடவில்லை என்று சத்தியம் செய்வார்கள். மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை மோந்துவிட்டு, பற்பசை என்றோ தேங்காய் எண்ணெய் என்றோ அவளே சொல்லிவிடுவாள். வாழைப்பழத் தோலும் வந்திருக்கிறது. ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வைத்து, கத்தரிக்காய் வாசத்தோடு கொண்டுவந்தார். குளிர்ந்தால் கீறல் மூடிக்கொள்ளும் என்று அவருக்கு யாரோ சொன்னார்களாம். யார் சொன்னது, அந்த ஆளைக் கொஞ்சம் கூட்டிவாருங்கள் என்றாள் சுஃபியா.

அவளைப் பொறுத்தவரை விஷயம் இவ்வளவுதான். சிடியை நடுவிலிருந்து விளிம்பைப் பார்த்து நேராகத் துடைக்க வேண்டும். பழைய இசைத்தட்டு ரெக்கார்டை அதன் கோடு போகிற போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். ஊரில் அத்தனை பேரும் சிடியை வட்டமாகவும் ரெக்கார்டைக் குறுக்காகவும் துடைத்தார்கள். தெரியாதவன் செய்தால் பாதிக்குப் பாதியாவது சரியாக வந்திருக்க வேண்டும், இவர்கள் எப்படித்தான் ஒருதடவைகூடத் தவறாமல் தப்பாகச் செய்கிறார்களோ என்பாள்.

கண்ணாடிக் கடை அவளுடைய அத்தா மீரான் ராவுத்தர் வைத்தது. கடைக்குப் பின்னால் ஓர் இருட்டறையில் லென்ஸ் தேய்க்கும் சக்கரம் இருந்தது. பெண்பிள்ளை அதைத் தொட்டால் விரல் போய்விடும் என்று அவர் சொல்லிவைத்திருந்தார். அவர் மதியத் தொழுகைக்குப் போகும் முக்கால் மணி நேரத்தில், உடைந்து கழிந்த லென்ஸ்களை வைத்து சுஃபியா தானாகவே ஓட்டிப் பழகினாள். கல்யாணமான பிறகும் கடைக்கு வந்தாள். ஏலக்காய் தரம் பிரிக்கும் ஸ்டோரில் வேலை பார்த்த சிக்கந்தர்தான் மாப்பிள்ளை. நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். பாட்டுக் கேட்பதென்றால் போனைச் சில்வர் டம்ளருக்குள் போட்டுக் கேட்பார், அப்போதுதான் சத்தம் நன்றாக வருகிறதாம். இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் சுஃபியாவால் பொறுத்துக்கொள்ள முடியாமல் போனது அந்த டம்ளர் ஒன்றுதான்.

சிடி வேலை அவளிடம் வந்தது தற்செயலாக. பக்கத்துக் கட்டிடத்தில் சிடி வாடகைக் கடை ஒன்று இருந்த காலம் அது. கீறல் விழுந்ததையெல்லாம் அவர்கள் சாக்கில் கட்டிக் குப்பைக்குப் போடுவார்கள். பிளாஸ்டிக் லென்ஸும் பிளாஸ்டிக்தான், இதுவும் பிளாஸ்டிக்தான் என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. ஒன்றை எடுத்துவந்து, கழுவி, லென்ஸுக்குப் போடும் பசையைத் தொட்டுக் கையாலேயே மெருகேற்றிப் பார்த்தாள். ஓடியது. வாடகைக் கடைக்காரர் அதற்குப் பிறகு சாக்குச் சாக்காக அனுப்பினார். வாடிக்கைக்காரர்களிடம் மட்டும், சிங்கப்பூரிலிருந்து மெஷின் இறக்கியிருப்பதாகச் சொல்லிக்கொண்டார்.

அந்த நாளில்தான் அவள் ஒன்றைக் கண்டுகொண்டாள். சிடியில் பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்தி வைப்பார்கள். அது வெறும் கண்ணாடி மாதிரி, அதில் விழுந்த கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம். பேரும் படமும் அச்சடித்திருக்கும் மேல்பக்கம்தான் உயிர். அந்த அச்சுக்கு அடியில், முடியைவிட மெல்லிய ஒரு பூச்சுதான் அத்தனை பாட்டையும் படத்தையும் பிடித்துவைத்திருக்கிறது. அங்கே குண்டூசி பட்டால் போனது போனதுதான். ஊரார் மேல்பக்கத்தில் பேனாவால் கணக்கு எழுதுவார்கள், டீ டம்ளர் வைப்பார்கள்.

பிறரைச் சொல்கிறாளே, அவள் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. முத்துப்பிரியா என்று ஒரு டீச்சர் தன் கல்யாண சிடியைக் கொண்டுவந்தார். ஒரே பிரதி. சுஃபியாவுக்கு அப்போது தலைக்கனம் ஏறியிருந்த நேரம். கையால் தேய்க்க வேண்டியதை, வெரசா முடிக்கலாம் என்று கண்ணாடி தேய்க்கும் சக்கரத்தில் கொடுத்தாள். சூட்டில் பிளாஸ்டிக் வெளுத்துப் பால்போல ஆகிவிட்டது. டீச்சரிடம், மேல்பக்கம் ஏற்கெனவே போயிருந்தது, நான் என்ன செய்யட்டும் என்று கூசாமல் பொய் சொன்னாள். டீச்சர் அதை நம்பியதோடு நிற்காமல், உங்களுக்கு வீண் சிரமம் கொடுத்துவிட்டேன் என்று மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார். அந்த மன்னிப்பு சுஃபியாவுக்கு இன்னும் இறங்கவில்லை. டீச்சர் எதிரே வந்தால் இவள் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். அதற்குப் பிறகு சக்கரத்தில் அவள் எந்தச் சிடியையும் வைத்ததில்லை. எதைத் தேய்ப்பதற்கு முன்னும், வருகிற மட்டும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டுதான் தேய்ப்பாள்.

ரெக்கார்டுகள் வந்தது ரொம்பப் பிந்தி. ஊரே குப்பையில் போட்டு முடித்த பிறகு, திடீரென்று அவை ஃபேஷனாகிவிட்டன. சென்னை, பெங்களூர் என்று வேலைக்குப் போனவர்கள் லீவில் வரும்போது தாத்தா வீட்டுப் பரணிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் பாதிப் பேரிடம் அதை ஓட்ட ப்ளேயர் கிடையாது. சுவரில் மாட்டப் போகிறார்களாம். சுவரில் மாட்டுவதற்குத் தட்டை எதற்குத் துடைக்க வேண்டும், அடுப்பங்கரையில் தோசைக்கல் இருக்கிறதே, அதை மாட்டு என்று ஒருவனிடம் சொல்லிவிட்டாள். அவன் அதையும் நல்ல யோசனை என்று நினைத்துக் கேட்டுக்கொண்டு போனான்.

அழகுமலை என்பவர் போன் செய்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதத்தில். போடிமெட்டுக்குக் கீழே மலைச்சரிவில் அவர்களுக்கு ஏல எஸ்டேட். அப்பா ஒச்சப்பன் செத்து நாலைந்து வருடமாகிவிட்டது. மகன் எஸ்டேட் பங்களாவுக்குப் பெயின்ட் அடித்து, ‘சுருதி வில்லா’ என்று பெயர் வைத்து ஹோம்ஸ்டே ஆக்கியிருந்தார். ஒச்சப்பன் ஆசை ஆசையாகச் சேர்த்த இருநூறு ரெக்கார்டு இருக்கிறது, அதை வைத்து கெஸ்ட்டுகளுக்கு மியூசிக் ரூம் போடப்போகிறோம், வந்து சுத்தம் செய்து தர வேண்டும், ஜீப் அனுப்புகிறேன் என்றார்.

மலைக்கு ஏறும் வழியெல்லாம், வளைவுக்கு வளைவு காரை நிறுத்தி, பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்கிறவர்களை சுஃபியா பார்த்துக்கொண்டே போனாள். கண்ணெதிரே இருப்பதைப் பார்க்காமல் அதற்கு முதுகைக் காட்டுவதற்கா இவ்வளவு டீசல் செலவழித்து வருகிறார்கள் என்று ஜீப் டிரைவரிடம் கேட்டாள். அவன் சிரித்தான்.

மியூசிக் ரூமைத் திறந்ததும் அவளுக்கு வாசனையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பூஞ்சை வாசம், அதன்மேல் தேங்காய் எண்ணெய் வாசம். மலை ஈரத்துக்கு ரெக்கார்டு உறையெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. நிமிர்த்தி வைக்க வேண்டிய தட்டுகளைத் தோசை அடுக்குவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். அடியில் இருந்தவை நெளிந்து கிடந்தன. போதாததற்கு ஜன்னல் வெயில் நேராக அவற்றின் மேல் அடித்தது. மேலே இருந்த முப்பது நாற்பது மட்டும் கறுகறுவென்று மின்னின.

அழகுமலை அதைத்தான் பெருமையாக எடுத்துக் காட்டினார். எண்ணெய் தொட்டு அவரே துடைத்தாராம். கெஸ்ட் போட்டோ எடுப்பார்கள், பளபளவென்று இருக்க வேண்டும் இல்லையா என்றார். எண்ணெய் கோட்டுக்குள் இறங்கி, தூசியைக் குழைத்துச் சேறாக்கி, ஊசியையும் சேர்த்துக் கெடுக்கும் என்று சுஃபியா சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்த அலமாரியைத் திறந்தார். அங்கே பதினொரு தட்டுகள் தனியாக இருந்தன. கனமானவை, ரொம்பப் பழையவை, பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால் அரக்கில் வார்த்தவை. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். முகம் பார்க்கிற கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. கோடே இல்லை.

இதை எதைப் போட்டுத் துடைத்தீர்கள் என்று கேட்டாள். கொரோனா சமயத்தில் வாங்கிய சானிடைசர் ஐந்து லிட்டர் கேன் மிச்சம் இருந்தது என்றார் அழகுமலை. துணி கறுப்பாகிக்கொண்டே வந்ததாம்.

"எம்புட்டு அழுக்குங்கிறீங்க அக்கா. தொடைக்கத் தொடைக்க வந்துக்கிட்டே இருந்துச்சு. நானும் விடலையே."

"அது அழுக்கு இல்லை தம்பி," என்றாள் சுஃபியா. "அதுதான் பாட்டு."

சானிடைசரில் இருக்கிற ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும் என்று தச்சு வேலைக்காரனைக் கேட்டாலே சொல்லியிருப்பான். பதினொரு தட்டுப் பாட்டையும் துணியில் துடைத்தெடுத்து, அந்தத் துணியையும் இந்த மனிதர் குப்பையில் போட்டிருக்கிறார். விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடலாம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. நிறுத்தியது அறை மூலையில் இருந்த ப்ளேயர். ஒச்சப்பன் எந்தக் காலத்திலோ வெளிநாட்டிலிருந்து தருவித்தது. கனமான சுழல்தட்டு, கை வைத்தால் காற்றுபோல நகரும் ஊசித்தண்டு. வாழ்க்கையில் அப்படி ஒன்றை அவள் தொட்டதில்லை. மகனுக்குத்தான் ஒன்றும் தெரியாது, அப்பனுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் ஏறி இறங்கி வேலை செய்தாள். வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் நாலு சொட்டு மென்மையான சோப்பு, லென்ஸ் துடைக்கும் துணி, ஆட்டுமுடித் தூரிகை. நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் தண்ணீர் படாமல் வட்டமாகத் துடைத்து, கழுவி, நிழலில் நிறுத்திக் காயவைத்து, புது உறையில் போட்டு நிமிர்த்தி அடுக்கினாள். நெளிந்தவற்றை இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றினாள். அழகுமலை அவ்வப்போது வந்து நின்று, பழைய பளபளப்பு போய்விட்டதே என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அந்த மூன்று நாளும் அவளுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தது குருவம்மாள். ஹோம்ஸ்டேயில் சமையல். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பதினைந்து வயதில் இந்த எஸ்டேட்டுக்குக் காய் பறிக்க ஏறியவள், இன்னும் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில்தான் குடியிருப்பு. இரண்டு நாள் வெந்நீரை வைத்துவிட்டு நின்று பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் முதலாளி கீழே போன நேரம் பார்த்து, மஞ்சள் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து நீட்டினாள்.

சுஃபியா மோந்து பார்த்தாள். பற்பசை, மெழுகுவத்தி, அதற்கும் அடியில் என்னவோ ஒன்று. எதெல்லாம் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, போடாதது எதுவும் இல்லை தாயி என்றாள் குருவம்மாள். கேட்டதும் சுஃபியாவுக்குச் சுள்ளென்று வந்தது. இவர்களை நம்பி ஒரு சிடியைக் கொடுப்பதும், கைக்குழந்தையிடம் கொடுப்பதும் ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குருவம்மாள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அது ஒச்சப்பனின் அறுபதாம் கல்யாண வீடியோ. 2007-ல் போடியில் மண்டபம் பிடித்து நடத்தினார்கள். இருபது வருடத்துக்கு மேல் தன்னோடு பாடுபட்ட நாலு குடும்பத்துக்கு, முந்தல் ரோட்டு ஓரத்தில் இருக்கிற புஞ்சையில் ஆளுக்கு மூன்று சென்ட் தருவதாக ஒச்சப்பன் அன்றைக்கு மேடையில் மைக்கைப் பிடித்துச் சொன்னார். குருவம்மாள் குடும்பம் அதில் ஒன்று, மொக்கையன் குடும்பம் ஒன்று, இன்னும் இரண்டு. எழுதித் தருவதற்குள் அவருக்கு வாதம் வந்து படுத்துவிட்டார். பிறகு செத்தும் போனார். மகனிடம் போய்க் கேட்டால், அப்பா அப்படிச் சொல்லவே இல்லை, நல்லா இருங்க என்றுதான் வாழ்த்தினார் என்கிறார். சிடியில் இருக்கிறதே என்று போட்டுக் காட்டப் போனால், சரியாக அப்பா மைக்கைப் பிடிக்கிற இடத்தில், இருபத்திரண்டாவது நிமிடத்தில், படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. தாவி ஓடினால் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"முன்னாடி நல்லாத்தான் ஓடுச்சு தாயி. சின்ன மொதலாளி மதுரைல குடுத்துக் காப்பி எடுத்துத் தர்றேன்னு வாங்கிட்டுப் போனாரு. ஒரு மாசம் வச்சிருந்து குடுத்தாரு. அதுக்கப்பறந்தேன் இப்பிடி."

சுஃபியா சிடியைத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

கடைக்கு வந்து முதலில் அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவினாள். போட்ட வைத்தியமெல்லாம் கரைந்து போயிற்று. அச்சடித்த மேல்பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். எங்கும் வெளிச்சம் ஒழுகவில்லை. உயிர் இருக்கிறது. அடிப்பக்கத்தைத் திருப்பி, கடிகாரக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸை வைத்துப் பார்த்தாள். பற்பசை தேய்த்த மெல்லிய வட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவை அறியாமை. அவற்றுக்கு நடுவே, ஒரே இடத்தில், ஒன்றையொன்று ஒட்டி ஏழு கோடுகள், ஆழமாக, வளைந்து. சாவி நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிடியைச் சுற்றியவன் போட்ட கோடுகள். அவை துடைத்து வந்தவை அல்ல. இருபது வருடமாகக் கீறலையே பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு அது கையெழுத்து மாதிரி.

அவளிடம் பழைய சிடி டிரைவ்கள் மூன்று இருந்தன. ஒன்று படிக்காததை இன்னொன்று படிக்கும். மூன்றிலும் மாற்றி மாற்றிப் போட்டு, வருகிறவரை முதலில் பிரதி எடுத்துக்கொண்டாள். பிறகு தேய்க்க உட்கார்ந்தாள். கையால், நடுவிலிருந்து விளிம்புக்கு, ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. தேய்ப்பாள், கழுவுவாள், போட்டுப் பார்ப்பாள். முத்துப்பிரியா டீச்சருடைய பால்வெளுப்பு கண்ணுக்குள்ளேயே நின்றதால், அழுத்துவதற்கே பயமாக இருந்தது. இந்தக் கழுதைப் பிழைப்பு எதற்கு, கண்ணாடிக்குப் பவர் பார்த்தோமா போனோமா என்று இல்லாமல் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சிக்கந்தர் வந்து எட்டிப் பார்த்து, மெஷினில் கொடுத்தால் சீக்கிரம் ஆகாதா என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில் டீ போடப் போய்விட்டார். பன்னிரண்டாம் நாள் காலையில் அந்த நிமிடம் நிற்காமல் ஓடியது.

ஒச்சப்பன் பட்டு வேட்டியோடு மைக்கைத் தட்டினார். நாலு குடும்பத்தையும் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார். முந்தல் ரோட்டுப் புஞ்சையில் ஆளுக்கு மூன்று சென்ட், இது என் சம்சாரத்தின் தாய்வீட்டுச் சீதனம், அவளும் சரியென்று சொல்லிவிட்டாள் என்றார். கூட்டத்தில் விசில் பறந்தது. கேமரா விசில் அடித்தவன் பக்கம் திரும்பியது. அழகுமலை. மீசை அரும்பாக, கூலிங் கிளாஸோடு, இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்துக்கொண்டிருந்தார். அதோடு விடவில்லை. மேடையில் ஏறி அப்பாவிடமிருந்து மைக்கை வாங்கி, "எங்கப்பா சொன்னா சொன்னதுதான், இதுக்கு நான் பொறுப்பு," என்று கையை வேறு தூக்கிக் காட்டினார்.

சுஃபியா அதை மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தாள். இத்தனை கேவலத்தை ஒரு மனிதன் தன் கையாலேயே மைக் பிடித்துச் சம்பாதித்துக்கொள்ள முடியுமா என்றுதான் அவளுக்கு ஆச்சரியம்.

சுஃபியா போனில் தகவல் சொன்னதும் குருவம்மாள் சந்தோஷத்தில் லயத்தில் நாலு பேரிடம் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. செய்தி எட்டி, மறுநாளே அழகுமலை கடைக்கு வந்துவிட்டார். கூடவே ஜீப்பில் அந்த ப்ளேயரும் வந்தது. மியூசிக் ரூமுக்கு ப்ளூடூத்தில் பாடுகிற மாதிரி புதுசு வாங்கப்போகிறேன், இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, அருமை தெரிந்தவரிடம் இருக்கட்டும் என்றார். அந்தப் பழைய சிடி ஒன்று குருவம்மாள் கொடுத்தாளாமே, குடும்ப விஷயம், அதை மட்டும் கொடுத்துவிடுங்கள், நானே அவளிடம் சேர்த்துவிடுகிறேன் என்றும் சொன்னார்.

சுஃபியா ப்ளேயரைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். அதன் மூடியைத் தூக்கி, ஊசித்தண்டை விரலால் ஒருமுறை தொட்டுக்கூடப் பார்த்தாள். பிறகு மூடியை மூடினாள்.

"தம்பி, சாவியை வச்சுக் கீறுனது நீங்கதான்னு எனக்குத் தெரியும்," என்றாள். "கீறுறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, மேல்பக்கம் கீறியிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ஒரே ஒரு கோடு போதும். நீங்க அடிப்பக்கத்துல போய் ஏழு கோடு போட்டிருக்கீங்க. கெடுக்கிறதைக்கூட ஒழுங்காப் பண்ணத் தெரியலை உங்களுக்கு."

அழகுமலையின் முகம் கறுத்தது. யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசுங்கள் என்றார். வக்கீலிடம் கேட்டுவிட்டேன், மேடையில் பேசியதெல்லாம் பத்திரம் ஆகாது என்றார். அது வாஸ்தவம்தான் என்று சுஃபியாவும் ஒத்துக்கொண்டாள். அப்படியானால் அந்தச் சிடிக்கு எதற்கு ப்ளேயரைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தீர்கள் என்று கேட்டாள். அவர் ப்ளேயரை மறுபடி ஜீப்பில் ஏற்றச் சொன்னார். ஏற்றும்போது தண்டைக் கட்டாமல் அப்படியே சாய்த்து ஏற்றினார்கள். அதைப் பார்க்க மாட்டாமல் அவள் உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, குருவம்மாளைக் கூட்டிக்கொண்டு, போடியில் சுருளியம்மாள் வீட்டுக்குப் போனாள். ஒச்சப்பனின் சம்சாரம். நிலம் இன்னும் அந்த அம்மாள் பெயரில்தான் இருக்கிறது. மகனைத் தாண்டி அவரிடம் போய்க் கேட்க லயத்து ஆட்கள் யாரும் துணிந்ததில்லை. எழுபத்தைந்து வயது, காலில் வாதம், பேச்சு குறைவு. நடந்தது என்ன என்று கேட்டதற்கு, அதெல்லாம் எழுதிக் கொடுத்து முடிந்துவிட்டதென்று மகன் ஏழு வருடத்துக்கு முன்னாலேயே சொன்னான், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

சுஃபியா டிவியில் போட்டுக் காட்டினாள். சுருளியம்மாள் புருஷன் பேசுவதைப் பார்த்தார். பக்கத்தில் மாலையோடு நிற்கிற தன்னைப் பார்த்தார். மகன் விசில் அடிப்பதையும், மைக்கை வாங்குவதையும் பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது தரம் பார்த்து முடித்ததும், மகனுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார்.

"அழகு, ரிஜிஸ்தர் ஆபீசுல நாளைக்கு எழுத்து வேலைக்கு ஆள் பாத்து வையி," என்றார் போனில். "என் நெலம். நான் கையெழுத்துப் போடுறேன். நீ சாட்சிக் கையெழுத்துப் போடு. நீதான பொறுப்புன்ன."

அவ்வளவுதான் பேசினார். அந்த மனிதர் மறுமுனையில் என்ன சொன்னார் என்று தெரியவில்லை, அந்த அம்மாள் காதிலிருந்து போனை எடுத்துவிட்டார்.

தை பிறந்த பிறகு மூன்று குடும்பத்துக்குப் பத்திரம் ஆயிற்று. மொக்கையன் பெண்டு பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போய் எட்டு வருடம் ஆகிவிட்டது. வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள் என்று ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். இவர்கள் பேச்சை நம்பி ஒருதடவை கை தட்டினேன், போதும், பஸ் செலவு வேறு எதற்கு என்று சொல்லிவிட்டானாம். சுஃபியாவுக்கு அந்த ஆள் ஒருவனைத்தான் பிடித்திருந்தது. ஆனாலும் முட்டாள் என்றாள். அவன் பங்கு இன்னும் சுருளியம்மாள் பெயரிலேயே கிடக்கிறது.

அழகுமலை அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடவில்லை. கோடில்லாத அந்தப் பதினொரு தட்டையும் வரவேற்பறைச் சுவரில் வரிசையாக ஆணியடித்து மாட்டியிருப்பதாகவும், கெஸ்ட்டுகள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதாகவும் ஜீப் டிரைவர் வந்து சொன்னான். சரியான இடத்துக்குத்தான் போயிருக்கின்றன என்றாள் அவள்.

போன மாதம் குருவம்மாள் கடைக்கு வந்தாள். முந்தல் ரோட்டில் வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிவிட்டார்களாம், சித்திரைக்குள் ஓடு போட்டுக் குடிபோய்விடலாம் என்றாள். பையிலிருந்து பத்திரத்தை எடுத்துக் காட்டினாள். சுஃபியா வாங்கிப் பார்த்தாள். அசல் பத்திரம், முன்னும் பின்னும் கனமான பிளாஸ்டிக் போட்டு, நாலு பக்கமும் ஒட்டி, லேமினேஷன் செய்யப்பட்டிருந்தது.

சுஃபியாவுக்கு வந்த கோபத்தில் வார்த்தை சரியாக வரவில்லை. அசலை யாராவது இப்படிச் செய்வார்களா, பேங்கில் கொண்டுபோய்க் கொடுத்தால் கையால் தொட மாட்டான், உள்ளே ஈரம் மாட்டினால் எழுத்து ஊறிப்போகும், பிரித்தெடுத்தால் காகிதமே பிளாஸ்டிக்கோடு வந்துவிடும், அந்த லேமினேஷன் கடைக்காரனுக்காவது புத்தி வேண்டாமா, பதினேழு வருடம் ஒரு சிடியை வைத்துக்கொண்டு பட்டதெல்லாம் போதாதா என்று மூச்சுவிடாமல் திட்டினாள். கண்ணாடி மாட்டிப் பார்க்க வந்தவர் மாட்டிய கண்ணாடியோடு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

குருவம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பத்திரத்தை வாங்கி முந்தானையால் ஒருமுறை துடைத்தாள், வட்டமாக.

"யாரும் இதுல கீற முடியாதுல்ல தாயி," என்றாள்.

சுஃபியா உட்காருங்க என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டு, இரண்டு டீக்குச் சொன்னாள். டீ வருவதற்குள், சார்பதிவாளர் ஆபீசில் எழுதிக் கொடுத்து முத்திரை வைத்த நகல் வாங்குவதற்கு யாரிடம் போக வேண்டும், எதைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். இந்தச் சீட்டையாவது மடக்கிப் பையில் வைத்தால் போதும், வேறெதுவும் செய்ய வேண்டாம் என்றாள்.